கண்வலிப்பூவுக்கு நிரந்தர வேலை இல்லை

பாகூர் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தின் முற்றத்தில் நாகலிங்க மரம் ஒன்று நிற்கிறது. அந்த அலுவலகத்து போர்வெல் மோட்டார் வருஷத்துக்கு இரண்டு முறையாவது புகைந்துபோகும். நான் புகைந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். ஆகையால் வருஷத்துக்கு இரண்டு முறையாவது அந்த மரத்தடியில் ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்திருப்பேன்.

அது கிளையில் பூக்கிற மரம் இல்லை. அடிமரத்திலிருந்தே கயிறு கயிறாகக் காம்புகள் இறங்கி, அதில் உள்ளங்கை அகலத்துக்குப் பூக்கும். பூவுக்குள்ளே சின்னதாக லிங்கம், அதன் மேல் நாகம் குடை பிடித்த மாதிரி ஒரு வளைவு. வாசனை வாசல் வரைக்கும் வரும். மரத்தைச் சுற்றிக் கம்பி வேலி, வேலியில் பச்சை பெயின்ட் அடித்த பலகை, பலகையில் ‘புதுச்சேரியின் மாநில மலர்’. காலையில் வருகிற கிளார்க் செருப்பைக் கழற்றிவிட்டு, விழுந்த பூ ஒன்றை எடுத்துத் தன் மேசையில் இருக்கும் சாமி படத்துக்கு வைப்பார். காய்தான் பீரங்கிக் குண்டு மாதிரி இருக்கும். முதல் தடவை நான் அங்கே வேலை செய்தபோது ஒன்று எனக்குப் பத்தடி தள்ளி விழுந்தது. அன்றிலிருந்து அங்கே மோட்டார் கழற்றும்போது ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை. வாட்ச்மேன் சிரிப்பார். சிரிக்கட்டும், தலை என்னுடையது.

அந்த மரம் தென்னமெரிக்கக் காட்டிலிருந்து வந்ததாம். எங்கிருந்தோ வந்து, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பரீட்சை மேல் பரீட்சை எழுதியும் கிடைக்காத அரசு வேலையை வாங்கிக்கொண்டு, காம்பவுண்டு சுவருக்குள் நிழலாக நிற்கிறது. எனக்கு அதன் மேல் பொறாமை இல்லை. பொறாமை வந்தது வேறொரு செடிக்காக.

அந்தச் செடியை நான் சந்தித்தது கௌரவமான முறையில் நடக்கவில்லை. போன வருஷம் ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், வாய்க்கால் கரை வழியாக பைக்கில் வந்துகொண்டிருந்தேன். ஏரியிலிருந்து பிரிந்து வருகிற வாய்க்கால் அது. இந்தக் கரை புதுச்சேரி, அந்தக் கரை கடலூர் மாவட்டம். அந்தக் கரைக்காரர்கள் இந்தக் கரைக்கு எதற்காக வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், நான் விளக்க வேண்டியதில்லை. அன்றைக்குச் சேற்றில் சக்கரம் வழுக்கி, பைக் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக வேலிக்குள் போய் விழுந்தோம். கண்ணைத் திறந்தால் மூக்குக்கு நேரே நெருப்பு. மேலே சிவப்பு, அடியில் மஞ்சள், ஆறு நாக்கும் மேல்நோக்கி எரிகிற நெருப்பு. பெட்ரோல் டேங்க் பற்றிக்கொண்டது என்றே முடிவு செய்து, “போச்சு, போச்சு” என்று கத்தினேன். பிறகுதான் நெருப்புக்குக் காம்பும் இலையும் இருப்பது தெரிந்தது. இலையின் நுனி ஒன்று சுருண்டு என் சட்டைப் பொத்தானுக்கு மேல் வந்து நின்றது, என்னை இன்ஸ்பெக்‌ஷன் செய்வது போல.

கரைமேல் பங்காளி வீட்டு அண்ணி நின்றிருந்தார். என்னைவிட இரண்டு வயது பெரியவர், இரண்டு மாடு வைத்திருக்கிறார், தினமும் இந்தக் கரையில் புல் அறுக்கிறவர். ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“அண்ணி, தூக்கி விடுங்க.”

“நீயா எழுந்து வா தம்பி. நான் திரும்ப மாட்டன்.”

“கால் மாட்டிக்கிச்சு அண்ணி.”

“காலு மாட்டுனா எடுத்துக்கலாம். அங்க கண்வலிப்பூ பூத்துக் கெடக்கு. பாத்தா கண்ணு ரெண்டும் பழமா செவந்துடும். நீ பாத்துட்டியா?”

“மூக்குலயே இடிக்குது.”

“அப்ப உன் கண்ணு போச்சு. என் கண்ணாவது இருக்கட்டும்.”

கிழக்கே வானத்தைப் பார்த்தபடியே கையைப் பின்பக்கமாக நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். எங்கள் பக்கம் இந்தப் பூவுக்கு இருக்கும் பெயரே அதுதான், கண்வலிப்பூ. கண்ணில் பட்டால் கண்வலி. அதனால் யாரும் பார்ப்பதில்லை. பார்த்துத் தொலைத்தவர்கள் அருவாளால் ஒரு போடு போட்டுவிட்டுப் போவார்கள். நான் விழுந்த இடத்திலேயே இரண்டு கொடிகள் வெட்டுப்பட்டுக் கிடந்தன.

மறுநாள் என் கண் சிவந்தது. சேறு பட்டதால் சிவந்தது என்று இப்போது தைரியமாக எழுதுகிறேன். அன்றைக்கு அப்படி இல்லை. கண்ணாடி முன்னால் நின்று இமையை விரித்து விரித்துப் பார்த்து, பார்வை போனால் காயில் எப்படிக் கட்டுவது, தடவியே கட்ட முடியுமா என்று கண்ணை மூடிக்கொண்டு ஒத்திகையும் பார்த்தேன். வீட்டுக்காரி கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா பண்றீங்க?”

“ஒண்ணுமில்ல.”

“கண்ண மூடிக்கினு கம்பி சுத்தறீங்க, ஒண்ணுமில்லையா? சொட்டு மருந்து வாங்கி ஊத்துங்க. அதுக்குள்ள குருடனா நடிச்சிப் பழகாதீங்க.”

மருந்து ஊற்றிக்கொண்டு படுத்திருந்த இரண்டு நாளில், திறந்திருந்த ஒரு கண்ணால் போனில் அந்தப் பூவைத் தேடினேன். செங்காந்தள். அந்தக் கரையில், அதாவது தமிழ்நாட்டில், மாநில மலர். இந்தக் கரையில் வேலிப்புதர். இருபதடி வாய்க்காலைத் தாண்டினால் நிரந்தர வேலை, தாண்டாவிட்டால் தினக்கூலி. ஆனால் அந்தக் கரையில் கரும்புக்குக் களைக்கொல்லி அடித்து அடித்துப் புல்கூட இல்லை. மாநில மலர் என்கிற உத்தியோகம் காலியாக இருக்கிறது, ஆள் இந்தக் கரையில் வேலிக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது.

உலகத்தில் எந்த உயிர் அழிகிறது, எது பிழைக்கிறது என்று பட்டியல் போடுகிறார்கள் அல்லவா, அதையும் பார்த்தேன். நாகலிங்கமும் ‘குறைந்த கவலைக்குரியது’. செங்காந்தளும் ‘குறைந்த கவலைக்குரியது’. இரண்டும் ஒரே வரிசை. எனக்கு அது இடித்தது. ஒன்றுக்கு வேலி, பலகை, தண்ணீர், செருப்பைக் கழற்றும் கிளார்க். இன்னொன்றுக்கு அருவாள். மருந்துக்காகக் கிழங்கைத் தோண்டித் தோண்டி எடுப்பதால் பல இடங்களில் குறைந்துபோய்விட்டது என்றும் படித்தேன். உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்குக் கவலை குறைவாக இருக்கலாம். ஏரியிலிருந்து எங்கள் ஊர் மதகு வரை நான் மோட்டார் பார்க்காத கொட்டகை கிடையாது. கண் சரியானதும் எங்கள் கரை முழுக்கத் தேடினேன். வேறு எங்கேயும் இல்லை. நான் விழுந்த அந்த ஒரு புதர்தான். கவலையே வேண்டாம் என்று சொல்லப்பட்ட ஒரு செடிக்காக, கவலைப்படுவதையே தொழிலாக வைத்திருக்கும் ஒருவன் கிடைத்தான்.

முதல் வேலையாக அருவாளை நிறுத்த வேண்டும். வீட்டில் கொடியில் கிடந்த பழைய வெள்ளைத் துண்டைக் கிழித்து மஞ்சளில் நனைத்து, யாரும் பார்க்காத நேரமாகப் போய் அந்தப் புதரில் கட்டிவிட்டு வந்தேன். எங்கள் ஊரில் மஞ்சள் துணி கட்டிய இடத்தில் யாரும் கைவைக்க மாட்டார்கள். எந்தச் சாமி, எப்போது வந்தது என்று கேட்கக்கூட மாட்டார்கள். அப்படியே நடந்தது. கார்த்திகை முழுக்கப் பூத்தது, ஒருவரும் வெட்டவில்லை. தை மாதம் கொடி காய்ந்து மண்ணோடு போனது. கிழங்கு கீழே தூங்கும், மழைக்கு எழுந்திருக்கும் என்று போனில் படித்திருந்தேன். துணிதான் அடையாளம் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். வீட்டுக்காரியிடம் மட்டும் சொல்லவில்லை. துண்டு அவளுடையது.

கத்திரி வெயில் முடிந்த வாரம், வாய்க்கால் தூர்வார ஜேசிபி வந்தது. மதகிலிருந்து ஆரம்பித்து, வேலியைப் பிடுங்கிப் போட்டு, அந்த இடத்தில் சேற்றை அள்ளிக் கொட்டிக்கொண்டே வருகிறது என்று டீக்கடையில் சொன்னார்கள். நாளைக்கு நம் கரைக்கு வந்துவிடும் என்றார்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். மறுநாள் விடிந்ததும் கடப்பாரை, மம்பட்டி, கோணிப்பை, கையில் மாட்டிக்கொள்ள இரண்டு பிளாஸ்டிக் கவர். அந்தக் கிழங்கு விஷம் என்று எழுதியிருந்தது. தின்றால்தான் விஷம் என்றும் எழுதியிருந்தது. என் பயம் அந்த இரண்டாவது வரியைப் படிக்கவில்லை.

மஞ்சள் துணி பளிச்சென்று தெரிந்தது. ஆனால் வேப்பமரத்தில் கட்டியிருந்தது. மரத்துக்குக் குங்குமம், அடியில் நான்கு எலுமிச்சம்பழம், ஒரு கிண்ணத்தில் கூழ் காய்ந்துபோயிருந்தது. நான் கட்டியது புதரில். கரையில் ஒரே ஒரு வேப்பமரம்தான், அது புதருக்கு எவ்வளவு தூரம் என்று எனக்கு நினைவில்லை. இருபது அடியா, இருநூறு அடியா. அம்மன் குடிவந்த மரத்தடியில் கடப்பாரையோடு நிற்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வீட்டுக்காரிக்குப் போன் செய்தேன்.

“வாய்க்கா கரையில வேப்பமரத்துல ஒரு மஞ்சத்துணி இருக்கே, அத யாரு கட்டுனது தெரியுமா?”

“நான்தான். இன்னாத்துக்குக் கேக்கறீங்க?”

“நீயா?”

“மாசில அண்ணியோட புல்லுக்குப் போனப்ப பாத்தன். அம்மன் துணி போயி வேலி முள்ளுல கெடக்கு. எவனோ கூறுகெட்டவன் கட்டியிருக்கான். பாவமா இருந்துச்சு, எடுத்து மரத்துல கட்டுனன். இப்ப செவ்வாக்கெழம எல்லாம் வந்து வெளக்கு வெக்கறாங்க.”

கூறுகெட்டவன் கடப்பாரையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டான். பிறகு கேட்டேன். “வேலியில எந்த எடத்துல இருந்து எடுத்த?”

“வேலியிலதான்.”

“வேலியில எங்க?”

“வேலின்னா வேலிதான். அதுல இன்னா நெம்பரா போட்டிருக்கு? ஆமா, அந்தத் துணி நம்ம வூட்டுத் துண்டு மாதிரியே இருந்துச்சே.”

சிக்னல் இல்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

வேலி கோடையில் காய்ந்து, நடுவில் யாரோ நெருப்பும் வைத்திருந்தார்கள். காரைமுள்ளும் கரியுமாக ஒரே மாதிரி நீண்டு கிடந்தது. ஏதோ ஓர் இடத்தைப் பார்த்து, இதுதான் நான் விழுந்த இடம் என்று என் இடுப்பு எலும்பு சாட்சி சொன்னது. தோண்டினேன். ஒரு ரப்பர் செருப்பு வந்தது. அடுத்த இடத்தில் உடைந்த பாட்டில். மூன்றாவது இடத்தில் மின்வயர். அதை நானே ஐந்து வருஷத்துக்கு முன் புதைத்திருந்தேன், கடப்பாரை அரை அங்குலம் தள்ளி இறங்கியதால்தான் இதை இப்போது எழுதுகிறேன். கையில் பிளாஸ்டிக் கவரோடு, வியர்வையில் குளித்து, குழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஜேசிபி வந்து நின்றது. ஓட்டுகிறவர் விழுப்புரம் பக்கத்துக்காரர். கீழே இறங்கி வந்தார்.

“அண்ண, இன்னா தேடறீங்க?”

“கிழங்கு.”

“சக்கரவள்ளியா?”

“இல்லப்பா. கண்வலிக்கிழங்கு.”

“இன்னாத்துக்கு?”

“காப்பாத்தறதுக்கு.”

என் கையிலிருந்த கவரையும் மூன்று குழிகளையும் பார்த்தார். “பொதையலா அண்ண? எனக்கும் சொல்லுங்க, யாருகிட்டயும் சொல்ல மாட்டன்.”

விஷயத்தைச் சொன்னேன். நாகலிங்கம், இந்தக் கரை, அந்தக் கரை, பட்டியல் எல்லாம் சேர்த்தே சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “எங்க பக்கம் அது மாநிலப் பூவா? எனக்கே தெரியாது” என்றார். “ஆனா அண்ண, மேஸ்திரி பத்து மணிக்கு வந்து அளப்பாரு. வேலிய எடுக்காம மண்ணு கொட்ட எடமில்ல. அந்த வேப்பமரத்த மட்டும் நான் தொட மாட்டன், அம்மா இருக்காங்க. மத்தபடி ஒரு டீ குடிச்சிட்டு வர்ற நேரம் தர்றன். அதுக்குள்ள எடுத்துக்குங்க.”

ஒரு டீ நேரம். கரை நீளம் கண்ணுக்கெட்டிய வரை. என்னை நானே திட்டிக்கொள்ளவும் நேரமில்லாமல் நான்காவது குழியை ஆரம்பித்தேன். 

அப்போதுதான் அண்ணி வந்தார். தலையில் புல்லுக்கட்டு, இடுப்பில் அருவாள், நேரே பாதையைப் பார்த்தபடி நடை. வேப்பமரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்தவர், ஓர் இடத்தில் முகத்தைக் கிழக்கே திருப்பிக்கொண்டார். கட்டு அசையவில்லை, கால் நிற்கவில்லை, முகம் மட்டும் திரும்பியது. ஏழெட்டு அடி அப்படியே நடந்தார். பிறகு முகம் தானாக நேருக்கு வந்தது.

நான் மம்பட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

“அண்ணி, இப்ப எதுக்குக் கெழக்கால பாத்தீங்க?”

“எப்ப பாத்தன்?”

“இப்பதான். அங்க வந்தப்ப.”

“அந்த எடத்துல நான் எப்பவும் அப்படித்தான் போவன். கண்வலிப்பூ இருக்குற எடமாச்சே.”

“இப்பதான் பூவே இல்லையே அண்ணி.”

“பூ இல்லன்னா? கழுத்துக்குத் தெரியுமா அது?”

“இன்னொரு தபா நடங்க.”

“இன்னாத்துக்கு?”

“நடங்க அண்ணி. கட்ட நான் தூக்கிக்கறன்.”

“கட்டு இல்லாம எனக்கு அந்த நட வராது தம்பி” என்றார். டிரைவர் டீயும் கையுமாக வேடிக்கை பார்த்தார். அண்ணி கட்டோடு திரும்பிப் போய், வேப்பமரத்திலிருந்து மறுபடி நடந்து வந்தார். முகம் திரும்பிய இடத்தில் என் இடது செருப்பை வைத்தேன். நேரானபோது வலது செருப்பை. நம்பிக்கையில்லாமல் மூன்றாம் முறையும் நடக்க வைத்தேன். அண்ணி என்னைப் பற்றியும் என் வம்சத்தைப் பற்றியும் சொல்லிக்கொண்டே நடந்தார், அதில் அவருடைய வீட்டுக்காரரும் சேர்த்தி. முகம் அதே செருப்பில் திரும்பி, அதே செருப்பில் நேரானது.

இரண்டு செருப்புக்கும் நடுவில், வேலியோரம், கடப்பாரையை வைத்துவிட்டுக் கையாலேயே மண்ணைத் தள்ளினேன். ஒரு சாண் ஆழத்தில் வந்தது. கலப்பை மாதிரி இரண்டு பக்கமும் வளைந்த கிழங்கு. நுனியில் அரிசி அளவுக்கு வெள்ளையாக ஒரு முளை. அந்த நுனி உடைந்தால் கிழங்கு முளைக்காது என்று படித்திருந்ததால், மூச்சையும் அடக்கிக்கொண்டு எடுத்தேன். மோட்டாரில் முடி அளவுக் கம்பியை உரிக்கும்போதுகூட நான் அவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை. மொத்தம் ஏழு. ஏழாவதின் நுனி லேசாக என் விரலில் இடித்துவிட்டது. உடைந்ததா உடையவில்லையா என்று அதற்கப்புறம் பல நாள் யோசித்தேன்.

“எடுத்தாச்சா அண்ண?” என்றார் டிரைவர். “எங்க நடப் போறீங்க?”

அதை நான் யோசித்திருக்கவில்லை. வீட்டில் நடுவதென்றால் வீட்டுக்காரி என்னையும் சேர்த்து நட்டுவிடுவாள். அலுவலகத்து நாகலிங்க வேலிக்குள் ரகசியமாக நடலாமா என்று ஒரு நிமிஷம் ஆசை வந்தது. மாநில மலருக்குப் பக்கத்தில் மாநில மலர். ஆனால் அங்கே வாரம் ஒரு முறை புல் வெட்டுகிற மிஷின் ஓட்டுவார்கள். கரையைப் பார்த்தேன். ஜேசிபி தொடாத இடம், அருவாள் தொடாத இடம், இந்தக் கரையில் ஒன்றுதான் இருந்தது. என் வீட்டுக்காரி ஏற்கெனவே ஏற்பாடு செய்துவைத்திருந்தாள்.

வேப்பமரத்தை ஒட்டிய வேலியடியில் ஏழு குழி போட்டு நட்டேன். டிரைவர் மரத்தைச் சுற்றிப் பெரிய வளைவாக வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். மேஸ்திரி வந்து, இங்கே ஏன் வேலியை எடுக்கவில்லை என்று கேட்டபோது, எலுமிச்சம்பழத்தைக் கையால் காட்டினார். மேஸ்திரி கும்பிட்டுவிட்டு டேப்பைச் சுருட்டிக்கொண்டார். நான் வீட்டுக்குப் போய் ஏழு முறை கை கழுவினேன், பிறகு வீட்டுக்காரியிடம் துண்டு விவகாரத்தை ஒப்புக்கொண்டேன். அவள் அதிகம் பேசவில்லை. “கூறுகெட்டவன்னு நான் சரியாத்தான் சொல்லியிருக்கன்” என்றாள்.

ஆடியில் இரண்டு மழை விழுந்தது. நான் தினமும் போய்ப் பார்த்தேன். முளைக்காத நாட்களில் கிழங்கு அழுகிவிட்டது, எலி தின்றுவிட்டது, எவனோ தோண்டிவிட்டான் என்று வரிசையாக மூன்று சாவையும் அதற்குக் கொடுத்துவிட்டுத் தூங்குவேன். ஆடி கடைசி செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்க வந்த கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தபோது, பச்சையாக விரல் உயரத்துக்கு நின்றது. ஒன்று, இரண்டு என்று ஆறு வரை எண்ணினேன். புரட்டாசிக்குள் ஆறும் வேலியைப் பிடித்து ஏறி, ஒன்றின் இலைநுனி சுருண்டு மஞ்சள் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. என் சட்டைப் பொத்தானை விசாரித்த அதே நுனி.

பூத்த அன்று கரையில் அண்ணி வந்தார். வேப்பமரத்துக்குப் பக்கத்தில் முகத்தைத் திருப்பினார். கொஞ்ச தூரம் போய், வேலியே இல்லாத பழைய இடத்தில் மறுபடியும் திருப்பினார்.

“உன்னால இப்ப ரெண்டு எடத்துல திரும்ப வேண்டியிருக்கு தம்பி.”

“பழைய எடத்துல இன்னாத்துக்கு அண்ணி?”

“அங்க இருந்து நீ எல்லாத்தையும் எடுத்துட்டன்னு இன்னா நிச்சயம்?” என்று கேட்டபடியே போய்விட்டார்.

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு, மற்ற கண்ணால் ஆறு கொடியிலும் இருந்த பூக்களைப் பார்த்தேன். இரண்டு கண்ணையும் பணயம் வைக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. ஏழாவது குழியில் ஒன்றும் இல்லை. வாய்க்காலில் இறங்கி ஒரு குடம் தண்ணீர் மொண்டு வந்து அதற்கும் ஊற்றினேன். இன்றும் ஊற்றிவிட்டுத்தான் வந்தேன்.